மெகல்லன் முகிலில் மெகல்லன் எங்கே?

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறுவர் இதழுக்காக, பால்வெளிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் விண்மீன் திரள்கள் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். தென் வானத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும் இரண்டு வெளிறிய திட்டுகளைப் பற்றி அதில் ஒரு பத்தி வந்தது. ஆங்கிலத்தில் 'மெகல்லானிக் கிளவுட்ஸ்'. பத்து வயதுப் பிள்ளைக்கு 'மெகல்லானிக்' என்று அப்படியே கொடுத்தால் என்ன புரியும்? நானாகவே கொஞ்சம் விளக்கி, 'மெகல்லன் கண்டுபிடித்த முகில்கள்' என்று எழுதிவிட்டேன். மூலத்தில் 'கண்டுபிடித்த' என்ற சொல்லே கிடையாது. அது என் சொந்தச் சரக்கு.

இதழ் வெளிவந்து இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தனக்கு வானியல் தெரியாது என்று தொடங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். 'மெகல்லன் முகில்' என்பது தொகை. நீங்கள் அதை விரித்திருக்கிறீர்கள். விரித்தது சரியா? எதை வைத்து அப்படி விரித்தீர்கள்?

பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. பெயர் மெகல்லன் பெயர், அப்படின்னா கண்டுபிடிச்சவர் மெகல்லன். இவ்வளவுதான் என் தர்க்கம். தேடிப் பார்த்ததில் தர்க்கம் தப்பு, விரித்ததும் தப்பு. அன்றிலிருந்து இந்த 'மெகல்லானிக்' என்ற பெயரடை எங்கெல்லாம் வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் என்ன சொல்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டே வந்தேன். முகில், பென்குயின், மரங்கொத்தி, பரிசு, பாசி, வாயு ஓடை, விண்மீன் திரள் வகை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியது.

விரித்துப் பார்த்தால்தான் தெரியும்

பள்ளியில் படித்த தொகைநிலைத் தொடர் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 'தண்ணீர்க் குடம்' என்றால் தண்ணீரை உடைய குடம். 'மரப்பெட்டி' என்றால் மரத்தால் ஆன பெட்டி. 'மாட்டுக் கொட்டகை' என்றால் மாட்டுக்காகக் கட்டிய கொட்டகை. இரண்டு சொற்களுக்கு நடுவில் வேற்றுமை உருபும் இல்லை, பொருளை விளக்கும் வினையும் இல்லை. இரண்டுமே மறைந்திருக்கின்றன. இதற்கு 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று நீளமான பெயர். தேர்வில் இரண்டு மதிப்பெண்.

அன்றைக்கு மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோன விஷயம்தான். ஆனால் மொழிபெயர்ப்பில் இதைவிடப் பயனுள்ள கருவி எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு தொகையைப் பார்த்தால் நடுவில் ஒளிந்திருக்கும் வினை எது என்று இது கேட்க வைக்கிறது. மரத்தால் ஆன பெட்டியை 'மரத்துக்கான பெட்டி' என்று யாரும் விரிக்க மாட்டோம், ஏனென்றால் மரமும் தெரியும், பெட்டியும் தெரியும். மெகல்லனும் அந்த முகிலும் நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பழக்கதோஷத்தில் ஒரு வினையைப் போட்டு நிரப்பிக்கொள்கிறோம். கடலோடி பெயர் என்றால் நாம் போடும் வினை எப்போதும் ஒன்றுதான்: 'கண்டுபிடித்த'.

ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழாது. பெயரோடு 'இக்' என்று ஒரு விகுதியைச் சேர்த்தால் பெயரடை தயார். 'ஏதோ ஒரு விதத்தில் மெகல்லனோடு தொடர்புடைய' என்று மட்டும் சொல்லிவிட்டு அது நகர்ந்துவிடும். என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் இதற்குச் சமமாக மூன்று வடிவங்களைப் பார்த்திருக்கிறேன். 'மெகல்லானிக் முகில்' என்பது ஆங்கிலத்தை அப்படியே எழுத்துப்பெயர்ப்பது. 'மெகல்லானிய முகில்' என்பது 'இய' சேர்ப்பது. ஆனால் காந்திய, மார்க்சிய, பெரியாரிய என்று ஒருவரின் கொள்கையைச் சொல்லத்தான் நாம் இதை அதிகம் பயன்படுத்துகிறோம். 'மெகல்லானிய முகில்' என்றால் மெகல்லன் கட்சியில் சேர்ந்த முகில் மாதிரி என் காதில் விழுகிறது. மூன்றாவது, வெறும் 'மெகல்லன் முகில்'. இதுதான் இயல்பான தமிழ். இயல்பாக இருப்பதாலேயே இதில் ஆபத்தும் அதிகம், ஏனென்றால் இதைக் கேட்டதும் நாம் விரிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

சரி, ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்போம்.

நீரிணை: சிக்கல் இல்லாத இடம்

முதலில் எளிதானது. தென் அமெரிக்காவின் தென்கோடியில் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் குறுகலான கடல்வழி மெகல்லன் நீரிணை. 1520 அக்டோபர் 21-ஆம் தேதி மெகல்லனின் கப்பல்கள் அதன் வாயிலுக்கு வந்தன. நவம்பர் 28-ஆம் தேதி மறுபுறம் வெளியேறின. மெகல்லன் வைத்த பெயர் தன் பெயர் அல்ல. எல்லாப் புனிதர்களின் திருநாளை ஒட்டி 'தோதோஸ் லோஸ் சாந்தோஸ்' என்று வைத்தார். பின்னால் வந்தவர்கள்தான் அவர் பெயரைச் சூட்டினார்கள். கரையோரத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவந்தார்கள், ஆகவே இங்கேகூட 'கண்டுபிடித்த' பொருந்தாது. 'மெகல்லன் கடந்த நீரிணை' என்று விரித்தால் ஒரு குறையும் இல்லை. அது நடந்தது. தேதியோடு இருக்கிறது.

பென்குயின்: மூன்று அடுக்கு

அடுத்தது மெகல்லன் பென்குயின். அறிவியல் பெயர் 'ஸ்பெனிஸ்கஸ் மெகல்லானிகஸ்'. 1781-இல் ஃபார்ஸ்டர் என்ற ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் வைத்தது. அர்ஜென்டினா, சிலி, ஃபாக்லாந்து கரைகளில் வாழும் பறவை. இது மெகல்லன் வளர்த்த பறவையா, வரைந்த பறவையா? இரண்டும் இல்லை. அந்த நீரிணை சார்ந்த பகுதியில் வாழும் பறவை, அவ்வளவே. அதே பகுதியின் காடுகளில் வாழும் மெகல்லன் மரங்கொத்தியும் அப்படித்தான்.

நம் இலக்கணத்தில் இதற்கும் பெயர் உண்டு. 'கார் அறுத்தான்' என்ற எடுத்துக்காட்டைப் படித்திருப்பீர்கள். கார் என்பது முதலில் கருமை. பிறகு கருத்த மேகம். பிறகு அந்த மேகம் பொழியும் பருவம். பிறகு அந்தப் பருவத்தில் விளைந்த பயிர். மூன்று தாவல் தாவியதால் மும்மடியாகுபெயர். அறுப்பவன் கையில் இருப்பது நெல், அதில் கருமையைத் தேடக் கூடாது. மெகல்லன் என்ற ஆள், அவர் கடந்த நீரிணை, அதைச் சுற்றிய நிலம், அந்த நிலத்துப் பறவை. இங்கேயும் மூன்று தாவல். பென்குயினைக் கண்டு மெகல்லனைத் தேடினால் ஏமாற்றம்தான்.

ஆனால் ஒரு வேடிக்கை. அந்தப் பயணத்தின் குறிப்புகளை எழுதிய இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெட்டா, தென் அமெரிக்கக் கரையோரத்தில் பறக்கத் தெரியாத, மீன் தின்னும், கொழுத்த 'வாத்து'களைப் பார்த்ததாக எழுதுகிறார். ஒரு மணி நேரத்தில் ஐந்து கப்பல்களையும் நிரப்பும் அளவுக்குப் பிடித்தார்களாம். அவை பென்குயின்கள் என்பதில் ஐயமில்லை. ஆக, பெயர் வைத்தவர் அப்படி நினைக்கவில்லை என்றாலும், 'மெகல்லன் குழுவுக்கு உணவான பென்குயின்' என்று நான்காம் வேற்றுமையில் விரிக்கவும் இடம் இருக்கிறது!

பரிசு: அது வேறு ஆள்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் அமெரிக்கத் தத்துவக் கழகம் 'மெகல்லானிக் பிரீமியம்' என்று ஒரு பதக்கம் வழங்குகிறது. கடல்வழி அறிதல், வானியல், இயற்கை அறிவியல் ஆகிய துறைகளுக்கானது. கடலோடியின் நினைவாகத்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. 1786-இல் 200 கினி கொடுத்து இந்தப் பரிசை நிறுவியவர் லண்டனில் வாழ்ந்த ஜான் ஹயசிந்த் டி மெகல்லன் என்ற போர்ச்சுகீசிய அறிவியலாளர். தன்னைக் கடலோடியின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். இங்கே தொகையை 'மெகல்லன் நிறுவிய பரிசு' என்று விரித்தால் சரி. மெகல்லன்தான் வேறு.

இதற்கு நேர்மாறானது பழைய நிலப்படங்களில் வரும் 'மெகல்லானிக்கா'. நீரிணையைக் கடக்கும்போது தெற்கே தெரிந்த நிலம் உண்மையில் ஒரு தீவுக்கூட்டம். ஐரோப்பிய நிலப்படக்காரர்கள் அது ஒரு மாபெரும் தென்கண்டத்தின் விளிம்பு என்று முடிவுகட்டி, உலகத்தின் அடிப்பாகம் முழுக்க வரைந்து, சிலர் அதற்கு மெகல்லன் பெயரையும் வைத்தார்கள். 1616-இல் டச்சுக் கப்பல் ஒன்று ஹார்ன் முனையைச் சுற்றி, அங்கே கண்டம் இல்லை, கடல்தான் இருக்கிறது என்று காட்டியது. 'மெகல்லன் பார்த்ததாக மற்றவர்கள் கற்பனை செய்த நிலம்' என்றுதான் இதை விரிக்க வேண்டும். ஒருவர் செய்யாததையும் அவர் பெயரில் எழுதிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

முகில்: நான் தவறிய இடம்

இப்போது முகிலுக்கு வருகிறேன். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சிறியது சுமார் 2,00,000 ஒளியாண்டு. இரண்டும் பால்வெளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களான குட்டி விண்மீன் திரள்கள். தெற்கு அரைக்கோளத்தில் இருட்டான இடத்தில் நின்றால் யார் கண்ணிலும் படும். கன்னியாகுமரியில் இருந்துகூட, ஜனவரி இறுதி இரவுகளில், பெரிய முகில் தெற்கே கடலுக்கு மேல் சுமார் 12 பாகை உயரம் வரை வருகிறது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதுவே சுமார் 10 பாகை. அவ்வளவு தாழ்வாக இருப்பதால் கடற்பனியும் ஊர் வெளிச்சமும் அதை விழுங்கிவிடும்.

ஆஸ்திரேலியப் பழங்குடிகள், மாவோரிகள், தென் அமெரிக்க மக்கள் என்று தெற்கில் வாழ்ந்த பலருக்கும் இவற்றுக்குப் பெயர்களும் கதைகளும் உண்டு. மாப்புச்சே மக்களிடம் இவற்றை நீர்க்குளங்களாகப் பார்க்கும் மரபு இருக்கிறது. சரி, 'ஐரோப்பியரில் முதலில் மெகல்லன் பார்த்தார்' என்றாவது சொல்லலாமா? அதுவும் முடியாது. 1488-லேயே போர்ச்சுகீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டன. மாலுமிகள் இவற்றைக் 'கேப் முகில்கள்' என்றே அழைத்தார்கள். மெகல்லனே 1505-இல் அல்மெய்தாவின் கப்பல் படையோடு அந்த வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவர் ஆயிரக்கணக்கான மாலுமிகளில் ஒருவர்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சான்று வேறு. ஃபுளோரன்ஸ் நகரத்தைச் சேர்ந்த அந்திரேயா கொர்சாலி என்பவர் போர்ச்சுகீசியக் கப்பலில் இந்தியா வந்து, நம் பக்கத்துக் கொச்சியில் இருந்து மெதிசி குடும்பத்துப் பிரபு ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வழியில் பார்த்த தென் வானத்தை விவரித்து, தென் சிலுவை விண்மீன்களை வரைந்தும் காட்டியிருக்கிறார். தென் துருவப் புள்ளியைச் சுற்றி வரும் இரண்டு முகில்களைப் பற்றியும் அதில் இருக்கிறது. கடிதம் 1516-இல் ஃபுளோரன்ஸில் அச்சானது. மெகல்லன் ஸ்பெயினில் இருந்து புறப்பட்டது 1519 செப்டம்பரில்! அவர் கப்பல் ஏறும் முன்பே இந்த முகில்கள் அச்சில் வந்துவிட்டன, அதுவும் கொச்சிக் கடிதத்தில்.

பிகாஃபெட்டாவும் தன் குறிப்புகளில் இந்த முகில்களைச் சொல்கிறார். சின்னச்சின்ன விண்மீன்கள் கூட்டமாக, மங்கலாக, இரண்டு முகில்கள் போல இருக்கின்றன என்று ஓரிரு வரி. அவ்வளவுதான். கேப்டன் கண்டுபிடித்தார் என்று அவர் எழுதவே இல்லை. அந்தப் புத்தகம் புகழ் பெற்றது, பயணமும் புகழ் பெற்றது, காலப்போக்கில் பெயர் ஒட்டிக்கொண்டது. வானியலாளர்களுக்கேகூட நீண்டகாலம் இந்தப் பெயர் கட்டாயமாக இருக்கவில்லை. 1847-இல் ஜான் ஹெர்ஷல் தன் தென் வான ஆய்வுகளை வெளியிட்டபோது 'நூபெக்குலா மேஜர்', 'நூபெக்குலா மைனர்' என்ற லத்தீன் பெயர்களில்தான் இவற்றைப் பட்டியலிட்டார். பெருமுகில், சிறுமுகில். அவ்வளவு எளிமை.

'கண்டுபிடி' என்பது நல்ல தமிழ்ச் சொல். முதலில் காண வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். கண்டவர்கள் எண்ணற்றவர்கள். பிடித்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் என் ஓட்டு ஹென்றியெட்டா லீவிட்டுக்கு. பெருவில் இருந்த ஹார்வர்டு ஆய்வு நிலையத்தில் எடுத்த ஒளிப்படத் தட்டுகளை மாசசூசெட்ஸில் உட்கார்ந்து ஆராய்ந்து, 1908-இல் இந்த இரண்டு முகில்களிலும் 1,777 மாறொளி விண்மீன்களைப் பட்டியலிட்டார். 1912-இல் சிறு முகிலின் 25 விண்மீன்களை வைத்து, ஒளி கூடிக் குறையும் கால அளவு நீளமானால் விண்மீனின் பிரகாசமும் அதிகம் என்று காட்டினார். அண்ட வெளியின் தொலைவுகளை அளக்கக் கிடைத்த அளவுகோல் அதுதான். அவர் உட்கார்ந்த ஊரில் இருந்து இந்த முகில்கள் தெரியவே தெரியாது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலும் இருப்பது மெகல்லன் பெயர்தான்.

பெயரில் இருந்து பிறந்த பெயர்கள்

1974-இல் ஆஸ்திரேலிய வானொலி வானியலாளர்கள், இந்த முகில்களில் இருந்து வானத்தில் 100 பாகைக்கும் மேல் வால் போல நீளும் ஹைட்ரஜன் வாயுவை அடையாளம் கண்டு, 'மெகல்லானிக் ஸ்ட்ரீம்' என்று பெயரிட்டார்கள். இங்கே மெகல்லன் என்றால் ஆள் இல்லை, முகில். முகில்களில் இருந்து பிரிந்த ஓடை. ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள்.

இதைவிட ஒரு படி தள்ளிப்போனது 'மெகல்லானிக் ஸ்பைரல்'. பெரிய முகிலைக் கவனமாகப் பார்த்தால் நடுவில் ஒரு பட்டையும் ஒற்றைச் சுருள் கையும் இருப்பது தெரியும். அதே மாதிரி இருக்கும் குட்டி விண்மீன் திரள்களை ஒரு தனி வகையாக்கி, பிரெஞ்சு வானியலாளர் தெ வோகூலர் இந்தப் பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சுருள் கைகூட இல்லாமல் ஒழுங்கற்றுக் கிடப்பவற்றுக்கும் இதே அடைமொழியோடு ஒரு வகை உண்டு. என்ஜிசி 4449 அந்த வகைதான். அது இருப்பதோ வடக்கு வானத்தில், வேட்டைநாய்கள் விண்மீன் குழுவில். மெகல்லன் பிறந்த போர்ச்சுகலில் தலைக்கு மேலே தெரியும். தெற்கோடும் கடலோடும் நீரிணையோடும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 'மலர்விழி' என்றால் மலர் போன்ற விழி. இது மெகல்லன் முகில் போன்ற திரள். உவமைத்தொகை!

ஒரே பெயரடை. நீரிணையில் கடந்ததைச் சொல்கிறது. பென்குயினில் இடத்தைச் சொல்கிறது. பரிசில் இன்னொருவரைச் சொல்கிறது. ஓடையில் பிரிவைச் சொல்கிறது. திரள் வகையில் சாயலைச் சொல்கிறது. முகிலில் மட்டும்தான், விரித்தால் எதுவும் நிற்கவில்லை. 'மெகல்லன் கண்ட' என்றால் எல்லோரும் கண்டார்கள். 'மெகல்லன் கண்டுபிடித்த' என்றால் பொய். 'மெகல்லன் பெயரால் வழங்கும்' என்று விரிக்கலாம், ஆனால் அது பெயரை வைத்துப் பெயரை விளக்குவது.

பாசி திருத்திக்கொண்டது

1798-இல் பிரிடல் என்ற பாசியியலாளர், மெகல்லன் நீரிணைப் பகுதியில் கிடைத்த சிவந்த சதுப்புப் பாசி ஒன்றுக்கு 'ஸ்பாக்னம் மெகல்லானிகம்' என்று பெயர் வைத்தார். பிறகு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சதுப்பு நிலங்களில் கிடைத்த, பார்க்க அதே மாதிரி இருந்த பாசியையும் அதே பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். நார்வேயில் வளரும் பாசிக்குப் பெயர் மெகல்லன் பாசி. பல தலைமுறை மாணவர்கள் அப்படித்தான் படித்தார்கள்.

2018-இல் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்ட ஆய்வு, இவை ஒரே இனம் அல்ல என்று காட்டியது. வடக்கில் இருப்பவை 'ஸ்பாக்னம் டிவினம்', 'ஸ்பாக்னம் மீடியம்' என்று இரண்டு பெயர்களுக்குப் பிரிந்தன. 'மெகல்லானிகம்' என்ற பெயர் தென் அமெரிக்கத் தென்கோடிப் பாசிக்கு மட்டும் என்று சுருங்கியது. பழைய நூல்களில் பழைய பெயர் இருக்கிறது. புதியவற்றில் புதிய பெயர் வருகிறது. வரலாறு அழிந்துவிட்டது என்று யாரும் தெருவில் இறங்கவில்லை. பெயரை விரித்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை, திருத்தினார்கள்.

அப்படியென்றால் முகிலின் பெயரை மாற்றணுமா?

2023 செப்டம்பரில் அமெரிக்க வானியலாளர் மியா டி லாஸ் ரெயெஸ், அமெரிக்க இயற்பியல் கழகத்தின் இதழில் இதே கோரிக்கையை எழுதினார். மெகல்லன் வானியலாளர் இல்லை, முகில்களை முதலில் பதிவு செய்தவரும் இல்லை, அவருடைய பயணத்தில் கொலையும் அடிமைப்படுத்தலும் நடந்தன, ஆகவே பெயரை மாற்ற வேண்டும் என்பது வாதம். எதிர்த்தவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும் பெயர் என்பது ஒரு பதில். பெயர் அந்த மனிதரைப் புகழ்வதற்காக அல்ல, உலகைச் சுற்றிய பயணத்தின் நினைவு என்பது இன்னொன்று.

கொலை பற்றிய பகுதி மிகைப்படுத்தல் இல்லை. பிகாஃபெட்டாவே எழுதி வைத்திருக்கிறார். படகு ஒன்று திருடுபோனதற்காகக் குவாம் தீவில் வீடுகளைக் கொளுத்தி ஏழு பேரைக் கொன்றார்கள். படகோனியாவில் இரண்டு பேரின் கை நிறையப் பரிசுப் பொருள்களைக் கொடுத்து, ஆபரணம் மாதிரி காட்டி, காலில் விலங்கு பூட்டினார்கள். மலாக்காவில் பிடித்து அடிமையாக்கிய என்ரிக் என்ற ஆள்தான் பயணத்தில் மொழிபெயர்ப்பாளர். 1521 ஏப்ரல் 27-ஆம் தேதி பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் நடந்த சண்டையில் மெகல்லன் கொல்லப்பட்டார். உலகைச் சுற்றி முடித்துத் திரும்பிய விக்டோரியா கப்பலில் எஞ்சியவர்கள் 18 பேர். அந்தக் கப்பலை ஓட்டி வந்தவர் எல்கானோ. 'பயணத்தின் நினைவு' என்றாலும், பயணத்தை முடித்தவரின் பெயர் முகிலில் இல்லை.

இருந்தாலும், டி லாஸ் ரெயெஸின் முடிவை ஏற்றுக்கொள்ளும் நான், அவர் வாதத்தை அப்படியே ஏற்கவில்லை. கெட்டவர், அதனால் பெயரை நீக்கு என்று தொடங்கினால் நீரிணைக்கும் அதே தீர்ப்புதான் வர வேண்டும். அங்கே நடந்ததைத்தான் பெயர் சொல்கிறது. அதை நீக்கினால் நடந்த ஒன்று மறைகிறது. முகிலில் பிரச்சினை வேறு. மெகல்லன் அன்னை தெரசா மாதிரி நல்லவராக இருந்திருந்தாலும், 'கண்டுபிடித்த' என்பது பொய்தான். கொடுமை ஒரு கேள்வி, பொய்யான பெருமை இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், முதல் கேள்வியில் சளைக்காமல் சண்டை போடுபவர்கள் இரண்டாவதைக் கவனிக்காமலே தப்பித்துவிடுகிறார்கள்.

பழக்கமாகிவிட்டது என்ற பதிலும் எனக்குப் போதவில்லை. பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு நானே சாட்சி. ஆங்கிலத்தில் அந்தப் பெயரடை பொய் எதையும் சொல்லவில்லை, உண்மைதான். பொய்யை நான் சொன்னேன். ஆனால் அந்தப் பொய்க்கு இடம் விட்டுவைத்தது அந்தப் பெயர். அந்த இதழைப் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் 'மெகல்லன் கண்டுபிடித்தார்' என்று இன்னும் மனதில் வைத்திருக்கிறார்களோ.

உலகப் பெயரை மாற்றும் அதிகாரம் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்குத்தான். அவர்கள் மாற்றலாம், மாற்றாமலும் போகலாம். தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு அந்த அனுமதி தேவையில்லை. நான் இப்போது 'பெருமுகில்', 'சிறுமுகில்' என்றே எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது 'தென்முகில்கள்'. முதல் முறை வரும் இடத்தில் 'மெகல்லன் முகில்கள் என்று பரவலாக வழங்குபவை' என்று ஒரு குறிப்பு. தேடுகிறவர்களுக்கு அது போதும். வாயு ஓடை 'தென்முகில் ஓடை' ஆகிவிடும். மெகல்லானிக் ஸ்பைரல் 'பெருமுகில் வகைச் சுருள்' ஆகிறது, எதைப் போன்றது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. பென்குயினும் மரங்கொத்தியும் நீரிணையும் மெகல்லன் பெயரிலேயே இருக்கட்டும். அவற்றை விரித்தால் உண்மை வருகிறது.

அந்த ஆசிரியருக்குப் பதில் எழுத எனக்கு ஐந்து மாதம் ஆனது. விரித்தது தப்பு ஐயா, கொச்சியில் இருந்து போன ஒரு கடிதமே அதற்குச் சாட்சி என்று எழுதி, கொர்சாலி பற்றிய விவரத்தையும் சேர்த்து அனுப்பினேன். இதழுக்கும் ஒரு திருத்தம் அனுப்பினேன். இரண்டு வரியில், கடைசிப் பக்கத்தில் போட்டார்கள். ஆசிரியரிடம் இருந்து பதிலுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. அதில் வாழ்த்து எதுவும் இல்லை. 'அமெரிக்கா' என்ற பெயரை விரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்.